ராட்சசனை மாற்றித் தரவும்

அந்தப் புத்தகத்தில் தவிட்டு வாசனை அடித்தது. வாலாஜாபாத் அரிசி மில்லுக்கு நெல் மூட்டைகளோடு வண்டி கட்டிப் போன என் தகப்பனார், திரும்பும்போது மாட்டுக்கென்று வாங்கிய தவிட்டு மூட்டையின் வாய்க்குள் அதைச் செருகிக்கொண்டு வந்திருந்தார். அதனால் பக்கத்தைத் திருப்பும்போதெல்லாம் உள்ளிருந்து பழுப்பாக ஒரு தூள் பறக்கும். நான் தும்முவேன், என் மடியில் உட்கார்ந்திருக்கும் தங்கை கன்னியம்மாவும் தும்முவாள். இலக்கியம் எனக்கு முதலில் மூக்கின் வழியாகத்தான் ஏறியது என்று இப்போதெல்லாம் மேடைகளில் சொல்லிப் பார்க்கிறேன். இதுவரை யாரும் சிரிக்கவில்லை.

ஐம்பதுகளின் கடைசி அது. உத்திரமேரூரிலிருந்து சற்றுத் தள்ளியிருந்த எங்கள் ஊரில், எங்கள் வீட்டில் அதுவரை அச்செழுத்து என்றால் என் பாடப் புத்தகமும் பஞ்சாங்கமும்தான். இரண்டிலும் படிக்கிறவனைச் சிரிக்கவைக்கும் உத்தேசம் கிடையாது. இதுவோ முழுக்க முழுக்கப் படம். இடப்பக்கம் படம், வலப்பக்கம் கொட்டை எழுத்தில் நாலு வரி. அட்டையில் ஒரு ராட்சசன். புத்தகத்தின் பெயரை அவனுடைய மீசையோடு மீசையாகச் சுருட்டி எழுதியிருந்ததால் அது என்னவென்று கடைசிவரை எங்களுக்குத் தெரியாமலே போயிற்று. சிவப்பு மை எந்தப் பக்கத்திலும் தனக்குரிய இடத்தில் இல்லை. ராட்சசனின் நாக்கு வாய்க்கு வெளியே, காதுக்குப் பக்கத்தில் தொங்கியது. ராஜகுமாரியின் பொட்டு சுவரில் இருந்தது. இந்த நாக்கைத் தயவுசெய்து நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் சாட்சி சொல்ல வரும்.

ராட்சசன் கதை எங்கள் வீட்டுக்குப் புதிதல்ல. ராஜகுமாரியை ராட்சசன் தூக்கிக்கொண்டு போகிறான், அவன் உயிர் ஏழு கடல் ஏழு மலை தாண்டி ஒரு கிளிக்குள் இருக்கிறது, ராஜகுமாரன் போய்க் கிளியின் கழுத்தைத் திருக, ராட்சசன் மலை சரிந்தாற்போல் விழுகிறான். இதை அம்மா தினமும் பொழுது சாயும் வேளையில் கன்னியம்மாவுக்குச் சோறு ஊட்டும்போது சொல்லுவாள். சொல்லுவாள் என்பதைவிட, இதை வைத்துத்தான் ஊட்டுவாள் என்பது சரி. ஒரு கடலுக்கு ஒரு உருண்டை, ஒரு மலைக்கு ஒரு உருண்டை. கிளியின் கழுத்து திரும்பும்போது தட்டு காலியாகியிருக்கும். நடுவில் வாயை மூடிக்கொண்டால், "ராட்சசன் வந்து தூக்கிக்கினு போய்டுவான்" என்று ஒரு வார்த்தை. வாய் தானாகத் திறக்கும். ஏற்றம் இறைக்கிறவர் பாட்டை நம்பி இருப்பதுபோல அம்மா இந்தக் கதையை நம்பியிருந்தாள்.

புத்தகம் வந்த அன்று நான் பெரிய மனிதனாகச் சம்மணம் போட்டு உரக்கப் படித்தேன். அம்மா அடுப்படியில் ஊதுகுழலோடு இருந்தாள். முதல் பக்கத்தில் ராட்சசன் ராஜகுமாரியைத் தூக்கிப் போனதும் அவள் திருப்தியாகத் தலையாட்டியது நினைவிருக்கிறது. பிறகுதான் வம்பு. அந்த ராட்சசன் நன்றாகச் சமைக்கிறவன். ராஜகுமாரி அவனுக்கு எழுத்துக் கற்றுக் கொடுக்கிறாள். கூண்டிலிருக்கும் கிளிக்குச் சளி பிடிக்கிறது, உயிர் அதில் இருப்பதால் இங்கே ராட்சசன் தும்முகிறான், குகையின் கூரை பெயர்ந்து விழுகிறது. ராஜகுமாரன் ஏழு கடலையும் ஒரே பக்கத்தில் தாண்டி வந்து கத்தியை உருவுகிறான். ராஜகுமாரி, "கொஞ்சம் பொறுங்கள், எண்ணெயில் அதிரசம் இருக்கிறது, கருகிவிடும்; இந்தக் கரண்டியைப் பிடியுங்கள்" என்கிறாள். அவன் கத்தியைக் கீழே வைத்துவிட்டுக் கரண்டியை வாங்கிக்கொள்கிறான். கடைசிப் படத்தில் எல்லோரும் பந்தியில். கிளி ராட்சசன் தலைமேல்.

அடுப்பிலிருந்து குரல் வந்தது.

"அப்பால?"

"அவ்ளோதாம்மா."

"ராட்சசன் சாவலியா?"

"இல்லம்மா. எலை போட்டுக் குந்திக்கினு கீறான்."

"டேய், நீயா இட்டுக்கட்டிச் சொல்றியா?"

சந்தேகத்துக்கு இடமிருந்தது. அதற்கு முந்தைய மாதம்தான், வீட்டுப்பாடம் எழுதிய தாளை எருமை தின்றுவிட்டது என்று பள்ளிக்கூடத்தில் சொல்லி, எங்கள் வீட்டில் எருமையே கிடையாது என்பது ஊருக்கே தெரிந்திருந்ததால் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டிருந்தேன். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. புத்தகத்தை நைனாவிடம் கொடுத்தாள். எங்கள் பக்கத்தில் தகப்பனை நைனா என்போம். அவர் விரலை எழுத்தின் கீழே ஓட்டிக் கூட்டிக் கூட்டிப் படித்து, நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு தீர்ப்புச் சொன்னார்.

"பையன் சொல்றது நெஜந்தான்மே. அப்டிதான் போட்டுக்கீது."

அம்மா படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். நாக்கைப் பார்த்தாள். சுவரில் இருந்த பொட்டைப் பார்த்தாள்.

"நாக்கையே எடம் மாத்தி வெச்சவன் கதைய மட்டும் ஒழுங்கா வெச்சிருப்பானா? அச்சுப் போட்டவன் தூங்கிக்கினே போட்டுட்டான். கொண்டும்போய் மாத்திக்கினு வா."

"புக்கெல்லாம் மாத்த மாட்டாங்கமே."

"ஏன் மாத்த மாட்டான்? கொடம் ஒழுவுனா மாத்திக்கினு வரல? இது கதை ஒழுவுது."

நைனா மாட்டுக்குத் தண்ணீர் காட்ட வேண்டியிருப்பதாகச் சொல்லி எழுந்து போய்விட்டார். விஷயம் அதோடு ஆறிப்போயிருக்கும், கன்னியம்மா மட்டும் சும்மா இருந்திருந்தால். மறுநாள் சாயங்காலம் அவள் மூன்றாவது கடலில் வாயை மூடிக்கொண்டாள். "ராட்சசன் வந்து தூக்கிக்கினு போய்டுவான்" என்றாள் அம்மா.

"வரச்சொல்லு. அதிரசம் துன்னலாம்."

சொன்னதோடு நிற்கவில்லை. தன் மாற்றுப் பாவாடையைச் சுருட்டி மூட்டையாகக் கட்டிக்கொண்டு வாசற்படியில் போய் உட்கார்ந்து ராட்சசனுக்காகக் காத்திருந்தாள். நாலு வயதுப் பெண்ணுக்கு அவ்வளவு வைராக்கியம் எங்கிருந்து வந்தது என்று அப்போது ஆச்சரியமாக இருந்தது. அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் ஆச்சரியம் தீர்ந்தது. அன்றும் மறுநாளும் கன்னியம்மா சோற்றைத் தொடவில்லை. பசித்தபோது வேர்க்கடலை தின்றாள். அம்மாவின் கையிலிருந்த ஒரே ஆயுதம் போய்விட்டது, கொண்டுபோனது புத்தகம்.

"நாளைக்கு நானே கடைக்குப் போறேன்" என்றாள் அம்மா.

நானும் ஒரு முடிவுக்கு வந்தேன்: உயிர் போனாலும் புத்தகத்தைக் கொடுப்பதில்லை. வைக்கோற்போரில் கைவிட்டு ஆழமாக ஒளித்து வைத்தேன். தவிட்டு வாசனையைக் கணக்கில் எடுத்துக்கொள்ளாததுதான் பிசகு. விடிந்து பார்த்தால் எங்கள் கன்றுக்குட்டி அதை வெளியே இழுத்துப் போட்டு, ஒரு மூலையை நிதானமாக மென்றுகொண்டிருந்தது. எருமையைப் பற்றிச் சொன்ன பொய்யைக் கன்றுக்குட்டி கேட்டிருக்க வேண்டும்.

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து இன்னொரு வேலை செய்தேன். புத்தகத்தைத்தானே பிடுங்க முடியும் என்று, வரிக்கு வரி நெட்டுருப் போட்டேன். அரிசி மில் புகைக்கூண்டு கண்ணில் படுவதற்குள் பந்தி வரைக்கும் வந்துவிட்டேன். பதினாறாம் வாய்ப்பாடு இன்றைக்கும் எனக்குத் தகராறுதான். அந்த அதிரசம் மட்டும் கருகாமல் இருக்கிறது.

மில்லுக்கு எதிரே இருந்தது நைனா புத்தகம் வாங்கிய கடை. பலகை, பலப்பம், நோட்டுப் புத்தகம், லாந்தர் கண்ணாடி எல்லாம் அங்கே கிடைக்கும். கடைக்காரர் மூக்குக் கண்ணாடியை நூலால் காதில் கட்டியிருந்தார். அம்மா கன்னியம்மாவை மேசைமேல் உட்காரவைத்து, அவளுக்குப் பக்கத்தில் புத்தகத்தை வைத்தாள்.

"இது பழுதுண்ணே. மாத்திக் குடு."

அவர் மூலையைத் தடவினார். "இன்னாம்மா, கன்னுக்குட்டி கடிச்சிக்கீதே?"

"அது எங்க வூட்டுத் தப்பு, அத்த நான் கேக்கல. உள்ள கீற தப்பு உன்னுது. இதுல ராட்சசன் சாவல."

நல்ல மத்தியானம், வியாபாரம் இல்லாத நேரம். அவர் புத்தகத்தை முழுசாகப் படித்தார். பிறகு எழுந்து, இருந்த மிச்சப் பிரதிகளையெல்லாம் பரணிலிருந்து இறக்கி, ஒவ்வொன்றின் கடைசிப் பக்கத்தையும் பார்த்தார். வைத்தியர் நாடி பார்த்துவிட்டுச் சொல்வதுபோல் சொன்னார்:

"எல்லாத்துலயும் உசுரோடதாம்மா கீறான்."

"அப்ப மூட்டைக்கே பூச்சி புடிச்சிக்கீது."

"நான் விக்கிறவன்மா, எழுதறவன் இல்ல. சரி, சரியான கதை இன்னான்னு நீ சொல்லு. பட்டணத்துக்கு எழுதிப் போடறேன்."

கிண்டலாகச் சொன்னாரோ என்னவோ. அம்மா புடைவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டாள். எதிரே மில் களத்தில் நெல் காயவைக்கும் பெண்கள் தண்ணீர் குடிக்க வந்தவர்கள், குரல் கேட்டு அப்படியே நின்றார்கள். ராட்சசன் ஆக்கிப் போடுவதாகப் புத்தகத்தில் போட்டிருக்கும் அநியாயத்தை முதலில் அவர்களிடம் முறையிட்டுவிட்டு, அம்மா ஏழு கடலையும் தனித்தனியாகத் தாண்டினாள். மலைக்கு மலை குரல் ஏறியது. கிளியைப் பிடிக்கும் இடம் வந்தபோது கைக்கு எதுவும் கிடைக்காமல் மேசையிலிருந்த லாந்தர் கண்ணாடியைக் கழுத்தைப் பிடித்துத் தூக்கிவிட்டாள்.

"யம்மா, அது கண்ணாடி" என்றார் கடைக்காரர்.

"ஏன்க்கா, அவனை எதுக்குக் கொல்லணும்?" என்றாள் தலையெல்லாம் உமியாக நின்ற ஒருத்தி. "ஆக்கிப் போடறான்னுதானே சொன்ன? எங்க வூட்ல கீறவனுக்கு வென்னீர் வெக்கத் தெரியாது. இப்படி ஒருத்தன் கெடச்சா அந்தக் கிளிக்கு நான் தெனம் கொய்யாப்பழம் வாங்கிப் போடுவேன்."

எல்லோரும் சிரித்தார்கள். அம்மா சிரிக்கவில்லை, கண்ணாடியின் கழுத்தில் மறு கையையும் வைத்தாள். அப்போது மேசைமேலிருந்து கன்னியம்மா, எத்தனையோ தடவை கேட்ட கதையில் முதல் முறையாக ஒரு கேள்வி கேட்டாள்.

"கிளி இன்னா பண்ணிச்சி?"

அம்மாவின் கை அப்படியே நின்றது. கடைக்காரர் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உமிக்காரி அம்மாவைப் பார்த்தாள். என் தாயார் பின்வாங்கத் தெரியாதவள்; பின்வாங்காமலே திரும்புவது எப்படி என்று அவள் யோசித்த அந்தக் கொஞ்ச நேரத்தில்தான் நான் எழுத்துத் தொழிலில் கற்றுக்கொண்டது முழுவதும் இருக்கிறது.

"கொல்லல" என்றாள். "புடிச்சிக்கினு நின்னான். 'டேய் ராட்சசா, எல்லாருக்கும் ஆக்கிப் போடற, நீ சரியா துன்றதில்லன்னு கேள்விப்பட்டேன். இந்தத் தட்டுல கீற சோத்தை ஒரு பருக்கை வுடாம துன்னு. துன்னாத்தான் கிளியை வுடுவேன்'னான்."

"துன்னானா?" என்றார் கடைக்காரர்.

"துன்னாம? உசுரு இல்ல?"

அவர் பெருமூச்சோடு லாந்தர் கண்ணாடியை இரண்டு கையாலும் வாங்கிப் பின்னால் வைத்தார். பிறகு, எழுத்து மட்டும் நெருக்கமாக இருந்த ஒரு நீதிக்கதைப் புத்தகத்தை எடுத்து நீட்டினார். "இதுல தப்புப் பண்றவன் எல்லாம் ஒழுங்கா சாவறாம்மா. மாத்திக்கோ."

அம்மா அதைத் திருப்பிப் பார்த்தாள். படமே இல்லை. கன்றுக்குட்டி கடித்த புத்தகத்தை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டாள்.

"வேணாண்ணே. மாத்தறத நானே மாத்திக்கிறேன்."

அன்று சாயங்காலத்திலிருந்து எங்கள் வீட்டில் புது முறை அமுலுக்கு வந்தது. நான் படிக்க வேண்டும். ஆனால் கடல் வரும் பக்கத்தைத் திருப்பித் திருப்பி ஏழு தரம் படிக்க வேண்டும், ஒவ்வொரு தரமும் ஒரு உருண்டை. கரண்டி வந்ததும் நான் நிறுத்திக்கொள்ள வேண்டும், மீதி அம்மாவின் பொறுப்பு. கன்னியம்மா முகத்தைச் சுளித்தால், "சீக்கிரம் துன்னுடி, கிளிக்கு மூச்சு முட்டுது" என்பாள். அவசர அவசரமாக விழுங்குவாள் அந்தப் பெண். ராட்சசனுக்குப் பயப்படாதவள் கிளிக்காகச் சாப்பிட்டாள். ஓயாமல் திருப்பியதில் கடல் பக்கம்தான் முதலில் கிழிந்து போயிற்று. பிறகு ராஜகுமாரன் போனான். ராட்சசன் கொஞ்ச காலம் அட்டையில் தனியாக இருந்தான்.

இப்போது அம்மா இல்லை. வாலாஜாபாத் கடை இருந்த இடத்தில் ஜெராக்ஸ் எடுக்கிறார்கள். போன மாதம் கன்னியம்மாவின் பேத்திக்கு, இதே ராட்சசனை நல்லவனாக்கி வழவழவென்ற தாளில் போட்ட ஒரு படப் புத்தகம் வாங்கிப் போனேன். சிவப்பு மை அதனதன் இடத்தில் இருந்தது. தெரிந்த கதையைத் தலைகீழாகச் சொல்கிறோம் என்று அட்டையிலேயே எச்சரிக்கை செய்திருந்தார்கள். குழந்தை டெலிவிஷனைப் பார்த்தபடி சாப்பிட்டு முடித்தது. அதன் தாய் புத்தகத்தைப் புரட்டிவிட்டு, "நல்லாருக்கு மாமா" என்று அலமாரியில் வைத்தாள். கன்னியம்மா மட்டும் என்னைப் பார்த்து, "ஏழு கடலும் ஒரே பக்கத்துலயா போட்டுக்கீறான்?" என்றாள்.

என் புத்தகங்களும் கடைகளிலிருந்து திரும்பி வருவதுண்டு. ஆனால் கட்டுப் பிரிக்காமல் வரும். விற்கவில்லை என்பதைத் தவிர அவற்றின்மேல் வேறு புகார் இருந்ததில்லை. கதை ஒழுகுகிறது என்று இடுப்பில் பிள்ளையோடு பஸ் ஏறி வந்து மேசைமேல் வைக்கிறவர்கள் எங்கே போனார்கள் என்று தெரியவில்லை. அப்படி ஒருத்தி வரும்வரை எழுதுவதை நிறுத்துவதாக இல்லை. பதிப்பாளர் இதை மிரட்டலாக எடுத்துக்கொண்டாலும் சரி. அவள் வந்தால் மறுபேச்சில்லாமல் மாற்றிக் கொடுப்பேன். வாங்கிக்கொள்ளாமல், மாற்றுவதைத் தானே மாற்றிக்கொள்வதாகச் சொல்லிவிட்டுப் போனாளென்றால், முடிவு என்னவென்று கேட்க அதே பஸ்ஸில் பின்னாலேயே ஏறிவிடுவேன்.