சிவப்புக் காயை நகர்த்திய பிறகு

அந்த விளையாட்டுக்குப் பலகை கிடையாது. ஒருவர் கதை சொல்வார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக அந்தக் கதைக்குள் நின்று, அடுத்து என்ன செய்கிறோம் என்று சொல்ல வேண்டும். செய்தது பலித்ததா இல்லையா என்பதைப் பகடை சொல்லும். இங்கிலாந்தில் படித்துவிட்டு வந்த ஒரு சிங்கள விரிவுரையாளர்தான் அதைப் பேராதனைக்குக் கொண்டுவந்தார். நான் அங்கே நூலகத்தில் வேலை செய்துகொண்டிருந்தேன். வடக்கில் சண்டை நடந்துகொண்டிருந்த காலம். கண்டிக்குப் போகிற பஸ்ஸை நிறுத்தி எல்லோரையும் இறக்கி அடையாள அட்டை பார்ப்பார்கள். அட்டையைத் திருப்பித் தரும்வரை நெஞ்சு அடித்துக்கொள்ளும். சனிக்கிழமை பின்னேரங்களில் அவருடைய குவார்ட்டர்ஸின் சாப்பாட்டு மேசையைச் சுற்றி உட்கார்ந்தால் மூன்று மணி நேரத்துக்கு அந்த அடிப்பு இருக்காது.

நாங்கள் நான்கு பேர் விளையாடினோம். நான், கண்டி டவுனில் துணிக்கடை வைத்திருந்த ஒரு முஸ்லிம் நண்பர், ஆய்வுகூடத்தில் வேலை செய்த ஒரு சிங்களப் பெண், பிறகு அக்கா. அக்கா என்றால் கூடப் பிறந்தவள் அல்ல. கண்டியில் ஒரே போர்டிங்கில், ஒரே அறையில் என்னோடு இருந்தவள். யாழ்ப்பாணத்துக்காரி, பள்ளிக்கூட ரீச்சர், என்னைவிட ஐந்து வயது மூத்தவள். அவளை அந்த மேசைக்குக் கூட்டிப்போனதே நான்தான்.

முதல் நாள் விளையாடுவதற்கு முன் விரிவுரையாளர் எங்களை ஒவ்வொருவராக வராந்தாவுக்குக் கூப்பிட்டார். கதைக்குள் எது வரவே கூடாது என்று கேட்டார். காரணம் சொல்லத் தேவையில்லை என்றார். இங்கிலாந்தில் அவருடைய பழைய குழுவில் ஒருவர் கதையின் நடுவே எழுந்து போனவர், பிறகு வரவே இல்லையாம். எது அவரைச் சுட்டது என்று யாருக்கும் தெரியாதாம். அதிலிருந்து முதலிலேயே கேட்டுவிடுவதாகச் சொன்னார். நான் கொஞ்சம் யோசித்துவிட்டு, ஒரு ஆளைக் காட்டி, இவர் உங்களோடு வந்தவரா என்று கேட்கிற இடம் வேண்டாம் என்றேன். அவர் அதை ஒரு சின்னக் கொப்பியில் எழுதிக்கொண்டார். முகத்தில் ஒரு கேள்வியும் இல்லை.

இன்னொரு ஒழுங்கும் இருந்தது. மேசை நடுவில் கெரம் விளையாட்டின் சிவப்புக் காய் ஒன்று கிடக்கும். தாங்க முடியாத இடம் வந்தால் அதைக் கதை சொல்கிறவர் பக்கம் நகர்த்தினால் போதும். கதை அந்த இடத்திலேயே திரும்பிவிடும். ஏன் என்று யாரும் கேட்கக் கூடாது. ஒருமுறை கதையில் ஒரு கடைத்தெரு தீப்பற்றிக்கொண்டபோது துணிக்கடை நண்பர் காயை நகர்த்தினார். அடுத்த வசனத்திலேயே மழை பெய்தது. ஆய்வுகூடப் பெண் எழுந்து போய் எல்லோருக்கும் தேத்தண்ணி கொண்டுவந்தாள். அவ்வளவுதான்.

ஒரு வருடம் விளையாடினோம். என்னுடைய பாத்திரம் எந்தப் பூட்டையும் திறக்கத் தெரிந்த, எவனுக்கும் பயப்படாத ஒரு திருடி. எங்களோடு வழிநெடுகிலும் பச்சிலை விற்கிற ஒரு கிழவி வருவாள். விரிவுரையாளர் உண்டாக்கிய பாத்திரம். அவள் பேச்சுக்கு நாங்கள் விழுந்து விழுந்து சிரிப்போம். அந்த ஒரு வருடத்தில் கதைக்குள் யாரையும், சும்மா விசாரிக்கத்தான் என்று சொல்லி, யாரும் வீட்டிலிருந்து கூட்டிப்போகவில்லை என்பதைக் கவனித்தேன். அது யார் கேட்டதாக இருக்கும் என்று ஊகித்தேன். கேட்கவில்லை.

என்னுடையதை நான் சொன்னது அக்காவிடம் மட்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை, போர்டிங் பின்புறத்தில் உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்தோம். அவள் தன் வீட்டைப் பற்றிச் சொன்னாள். செல் குண்டு விழுந்து கூரை போனது, தகப்பன் அலுமாரியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வரமாட்டேன் என்றது, எல்லாவற்றையும் சோப்பு நுரையைப் பார்த்தபடி சொன்னாள். அவ்வளவையும் அவள் சொன்ன பிறகு நான் வாயை மூடிக்கொண்டிருப்பது சரியில்லை என்று தோன்றியது.

தமிழர்களைத் தேடி அடித்த கலவரம் நடந்த அந்த ஆடி மாதத்தில் எனக்கு எட்டு வயது. நாங்கள் நாவலப்பிட்டியில், கடைவீதிக்குப் பின்னால் ஒரு வரிசை வீட்டில் இருந்தோம். எனக்குக் காதில் சீழ். அம்மா என்னைப் பேராதனை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகக் கிளம்பினாள். பக்கத்து வீட்டு அத்தைக்கு ஆஸ்பத்திரியில் எங்கே நம்பர் துண்டு எடுப்பது, எங்கே நிற்பது எல்லாம் தெரியும் என்பதால் அவளும் துணைக்கு வந்தாள். பஸ்ஸில் நான் அத்தையின் மடியில்தான் படுத்திருந்தேன். கம்பளை தாண்டி ஆட்கள் பஸ்ஸை மறித்தார்கள். அவர்கள் ஏறுவதற்குள் அம்மா பொட்டை அழித்துவிட்டு என்னை இழுத்துத் தன் மடியில் போட்டுக்கொண்டாள். அம்மாவுக்குச் சிங்களம் தண்ணீர்பட்ட பாடு. அத்தைக்கு வராது. அவளிடம் என்னவோ கேட்டார்கள், அவள் திக்கினாள். இவள் உங்களோடு வந்தவளா என்று ஒருவன் அம்மாவிடம் கேட்டான். அம்மா தெரியாது என்றாள். அத்தையை இறக்கிவிட்டு பஸ்ஸைப் போக விட்டார்கள்.

அத்தை சாகவில்லை. பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து, கையில் மாக்கட்டோடு வீட்டுக்கு வந்தாள். அம்மாவிடம் ஒன்றும் கேட்கவில்லை. வழக்கம்போல எனக்குப் பணிஸ் பிய்த்துக் கொடுத்தாள். அடுத்த வருடம் அவர்கள் குடும்பத்தோடு இந்தியாவுக்குப் போய்விட்டார்கள். அம்மாவும் நானும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை.

அக்கா கேட்டுவிட்டு என் ஈரக் கையைப் பிடித்துக்கொண்டாள். யாருக்கும் சொல்ல மாட்டேன் என்று நான் கேட்காமலே சொன்னாள்.

விரிவுரையாளர் ஆராய்ச்சிக்காக ஒரு வருடம் வெளிநாடு போக வேண்டி வந்தது. கதையை அக்கா தொடரட்டும் என்று முடிவாயிற்று. கொப்பியைக் கொடுப்பதற்கு முன் அவர் எங்கள் ஒவ்வொருவரிடமும் சம்மதம் கேட்டார். என்னுடையதைக் காட்டலாமா என்று கேட்டபோது நான் சிரித்தேன். அவளுக்கு அது ஏற்கெனவே தெரியும் சேர், காரணமும் தெரியும் என்றேன்.

அக்கா நன்றாகத்தான் கதை சொன்னாள். பள்ளிக்கூடத்தில் பேசிப் பழகிய குரல். மேசை இப்போது துணிக்கடை நண்பரின் வீட்டு மேல்மாடிக்கு மாறியிருந்தது. ஐந்தாவது சனிக்கிழமையோ ஆறாவதோ, எங்கள் கூட்டம் ஒரு நகரத்தின் வாசலுக்கு வந்து சேர்ந்தது. காவல்காரர்கள் ஆட்களைப் பிரித்து நிறுத்தி விசாரிக்கிறார்கள் என்றாள். கிழவிக்கு அந்த ஊர்ப் பாஷை தெரியாது என்றாள். தற்செயலாக வந்துவிட்டது, இப்போது திருப்பிவிடுவாள் என்று நினைத்தேன். அவள் என் முகத்தைப் பார்த்து, காவல்காரனின் குரலில் கேட்டாள். இந்தக் கிழவி உன்னோடு வந்தவளா?

நான் சிவப்புக் காயை எடுத்து அவள் பக்கம் நகர்த்தினேன்.

அக்கா அதைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, "கொஞ்சம் பொறம்மா. ஒருக்கா மறுமொழி சொல்லிப் பார்" என்றாள்.

நான் மற்ற இருவரையும் பார்த்தேன். காய் நகர்ந்தாயிற்று என்று யாராவது சொல்வார்கள் என்று காத்திருந்தேன். ஆய்வுகூடப் பெண் தன் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். துணிக்கடை நண்பர் என்னைப் பார்த்து மெல்லத் தலையசைத்தார், பயப்படாதே என்பதுபோல. அவர்கள் முகத்தில் திகைப்பே இல்லை. அது ஏன் என்று எனக்கு அப்போது விளங்கவில்லை.

என் வாயிலிருந்து வந்தது அம்மா சொன்னதுதான். தெரியாது என்றேன். எவனுக்கும் பயப்படாத என் திருடி தெரியாது என்றாள். அக்கா பகடையைக் கையில் வைத்துக்கொண்டு உருட்டாமல் இருந்தாள். நான் பையை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனேன்.

அவள் போர்டிங்குக்கு வந்தபோது நான் உடுப்புகளைப் பெட்டிக்குள் அடுக்கிக்கொண்டிருந்தேன். அவள் கதிரையை இழுத்துப் போட்டு எனக்கு எதிரே உட்கார்ந்தாள்.

"இந்த முறை நீ ஓம் எண்டு சொல்லுவாய் எண்டு நினைச்சன்" என்றாள். "விளையாட்டிலயாவது ஒருக்கா ஓம் எண்டு சொன்னால் உனக்கு மனம் ஆறும் எண்டுதான் செய்தனான்."

"நான் வேணாம்னு சொல்லி வச்சதுதான் அக்கா அது."

"ஏன் வேண்டாம் எண்டு எனக்குத் தெரியுந்தானே. அதாலதான்."

கதவோரம் கிடந்த செருப்பைப் பார்த்துக்கொண்டு, காயை நகர்த்தின பிறகும் ஏன் நிறுத்தவில்லை என்று கேட்டேன். நிறுத்தியிருந்தால் நான் வாழ்நாள் முழுக்க ஓடிக்கொண்டே இருப்பேன் என்றாள். பிறகு என்னைச் சமாதானப்படுத்துகிற குரலில் அவள் சொன்னதுதான் என்னை முறித்தது.

"அவையள் ரெண்டு பேருக்கும் முதலே சொல்லி வைச்சனான். நீ அழுதால் பயப்பட வேண்டாம், காயை வைச்சாலும் பேசாமல் இருங்கோ எண்டு."

"என்னா சொன்னீங்க அவங்ககிட்ட?"

"நடந்ததைத்தான்."

"பஸ்ஸையா?"

அவள் தலையாட்டினாள். ஆக மேசையில் உட்காரும்போதே அவர்கள் எல்லோருக்கும் தெரியும். என் அம்மா என்ன செய்தாள் என்று தெரிந்துகொண்டு, நான் என்ன செய்யப்போகிறேன் என்று பார்க்கத் தேத்தண்ணியோடு காத்திருந்திருக்கிறார்கள். அன்பாகத்தான் காத்திருந்தார்கள். அது இன்னும் மோசமாக இருந்தது.

நான் அன்றைக்கே கிளம்பவில்லை, போக இடமில்லை. நாலு நாள் ஒரே அறையில் பேசாமல் இருந்தோம். அவள் எனக்கும் சேர்த்துப் பிட்டு அவித்து மூடி வைப்பாள். நான் பாண் வாங்கிச் சாப்பிடுவேன். ஐந்தாம் நாள் அம்பிட்டியவில் வேறொரு போர்டிங் கிடைத்தது.

அந்தக் கிழமை முடிவில் நாவலப்பிட்டிக்குப் போனேன். அம்மா குசினியில் நெத்தலிக் கருவாட்டில் தலை கிள்ளிக்கொண்டிருந்தாள். மூன்று பேருக்குத் தெரிந்துவிட்டது, அது அம்மாவுடைய கதை, அவளுக்குச் சொல்லாமல் இருப்பது இன்னொரு களவு என்று பஸ்ஸில் வரும்போதே முடிவு செய்திருந்தேன். பக்கத்தில் உட்கார்ந்து நானும் நாலு நெத்தலியைக் கிள்ளினேன். பிறகு சொன்னேன். அத்தையைப் பற்றி என் சினேகிதியிடம் சொன்னதையும் அவள் வேறு ஆட்களிடம் சொல்லிவிட்டதையும் சொன்னேன். விளையாட்டைப் பற்றிச் சொல்லவில்லை.

அம்மா கிள்ளுவதை நிறுத்தவில்லை. சட்டி நிறைந்த பிறகுதான் பேசினாள்.

"நீ தூங்கிட்டு இருந்தன்னு நெனச்சேன்" என்றாள்.

அத்தனை வருடமும் அந்த நினைப்பை வைத்துக்கொண்டுதான் அவள் என் முகத்தைப் பார்த்திருக்கிறாள். அதையும் நான் பிடுங்கிவிட்டேன். அம்மா எழுந்து கருவாட்டைக் கழுவப் போனாள். அன்றைக்கு எனக்குச் சோறு போட்டாள், ஊர்க் கதை எல்லாம் சொன்னாள். பஸ் ஏறும்போது மட்டும், யாரு எவருன்னு பாத்துப் பேசு என்றாள். என்னைக் கண்டித்தாளா, தன்னைத்தானா என்று தெரியவில்லை.

விரிவுரையாளர் திரும்பி வந்ததும் நூலகத்துக்கு என்னைத் தேடி வந்தார். யாரோ சொல்லியிருக்கிறார்கள். கொப்பியை அக்காவிடம் கொடுத்தது தன்னுடைய பிழை என்றார். உங்கள் பிழை இல்லை சேர், நான்தானே சம்மதித்தேன் என்றேன். காயை யாராவது நகர்த்தினால் கதை நிற்க வேண்டும், அதற்கு மேல் யாருடைய நல்லெண்ணத்துக்கும் அங்கே வேலை இல்லை என்று மிகவும் மெதுவாகச் சொன்னார். மீண்டும் விளையாட வரச் சொல்லிக் கேட்கவில்லை. அதற்காக அவர் மேல் எனக்கு இன்றும் மரியாதை உண்டு.

ஆய்வுகூடப் பெண் ஒருநாள் கன்டீனில் என் எதிரே வந்து உட்கார்ந்து மன்னிப்புக் கேட்டாள். அன்றைக்கு எழுந்து தடுத்திருக்க வேண்டும் என்று சிங்களத்தில் சொல்லிவிட்டு அழுதாள். பரவாயில்லை என்றேன். துணிக்கடை நண்பரின் கடைப் பக்கம் நான் போவதை விட்டுவிட்டேன்.

அக்கா இரண்டு வருடத்தில் கலியாணம் முடித்துக் கனடா போனாள். போவதற்கு முன் கண்டி பஸ் ஸ்டாண்டில் ஒருநாள் எதிர்ப்பட்டாள். மெலிந்திருந்தாள். வேலையைப் பற்றிக் கேட்டாள், அம்மாவின் சுகம் கேட்டாள். "இன்னும் கோவமே?" என்றாள். இல்லைக்கா என்றேன். அவள் நம்பவில்லை. ஆனாலும் அதற்கு மேல் கேட்காமல் என் பஸ் வரும்வரை கூட நின்றாள்.

அங்கிருந்து மூன்று கடிதம் போட்டாள். மூன்றிலும் தான் நல்லதுக்குத்தான் செய்ததாக ஓரிடத்தில் எழுதியிருந்தாள். அது உண்மை என்று எனக்குத் தெரியும். ஒன்றுக்கும் நான் பதில் எழுதவில்லை.