என்னை இரவல் கேட்டார்கள்

பஹ்ரைனில், மனாமா நகரின் குதைபியா பகுதியில், ஒரு தமிழ்க் குடும்பத்தில் வீட்டு வேலைக்கு இருந்தேன். கணவர் எஞ்சினியர். மனைவி வீட்டில். பள்ளிக்குப் போகும் இரண்டு பிள்ளைகள். நம்ம ஆளுங்க வீடு என்று ஏஜெண்டு சொன்னதை நம்பித்தான் கடலூரிலிருந்து விமானம் ஏறினேன்.

போன அன்றே என் பாஸ்போர்ட்டையும் போனையும் வாங்கி பீரோவில் பூட்டினார்கள். வெளியே கிளம்பினால் என்னை உள்ளே வைத்து வாசலைப் பூட்டுவார்கள். சம்பளம் கண்ணில் பட்டதே இல்லை. பிள்ளைகள் கடித்துத் துப்பிய கறியையும் மிச்சத் தோசையையும் அந்தம்மா ஒரு கிண்ணத்தில் வழித்து, "வீணாக்காம சாப்பிடு" என்று நீட்டுவாள். எச்சில்கூடக் காய்ந்திருக்காது.

மகளின் பிறந்தநாளுக்கு விருந்தாளிகள் வந்தார்கள். அவர்களில் ஒரு பெண்ணின் மருமகளுக்குப் பிரசவம் நெருங்கியிருந்தது. நான் பாயசம் கொண்டுபோனபோது அந்த மாமியார் என் கையைப் பிடித்துத் திருப்பி நகங்களைப் பார்த்தாள். தலையைக் குனியச் சொல்லி, பேன் இருக்கிறதா என்று முடியை விலக்கினாள்.

"திருடுவாளா?" என்று கேட்டாள், என்னிடம் இல்லை, அந்தம்மாவிடம்.

"சேச்சே. வாயே திறக்க மாட்டா. குழந்தை பொறந்ததும் கூட்டிட்டுப் போங்க. வேலை முடிஞ்சதும் திருப்பிக் கொண்டாந்து விட்டுடுங்க."

கிரைண்டரை இரவல் கேட்பது போலக் கேட்டார்கள். எல்லாரும் பாயசம் குடித்தார்கள். ஒருவருக்கும் தொண்டை அடைக்கவில்லை.

மறுநாள் காலை குப்பையைக் கீழே போட அனுப்பினாள். வழக்கமாகப் பால்கனியில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருப்பாள். அன்று போன் வந்து உள்ளே போய்விட்டாள். நான் தொட்டியைத் தாண்டி நடந்தேன். பையில் இருந்த இறால் ஓட்டுத் தண்ணீர் காலில் ஒழுகிக்கொண்டே வந்தது. அடுத்த தெருவில் பெண்கள் தையல் கடை ஒன்று தெரிந்தது. நுழைந்தேன். கடைக்காரி இலங்கைத் தமிழ்ப் பெண்.

"முதல்ல அந்தப் பையை வெளியில வை பிள்ளை. என்ன நடந்தது உனக்கு?"

சொன்னேன். அவள் என்னைத் திரைக்குப் பின்னால் உட்கார வைத்தாள். கொஞ்ச நேரத்தில் அந்தம்மாவின் குரல் கேட்டது.

"எங்க வீட்டுப் பொண்ணுங்க. கொஞ்சம் புத்தி சரியில்ல. இந்தப் பக்கம் வந்தாளா?"

"இஞ்ச ஒருத்தரும் வரேல்லை."

மதியம் கடையை அடைத்துவிட்டு அவளே என்னை டாக்ஸியில் இந்தியத் தூதரகத்துக்குக் கூட்டிப்போனாள். தூதரகம் தங்க இடம் கொடுத்தது. சில நாள் கழித்து எஞ்சினியரை வரவழைத்தார்கள். அவருக்கு நாற்காலி, டீ. நான் நின்றேன்.

"என்னம்மா, சொல்லியிருந்தா நாங்களே அனுப்பி வச்சிருப்போமே. மக மாதிரிதானே வச்சிருந்தோம்?" என்று சிரித்தார்.

"உங்க மகளையும் இரவல் குடுப்பீங்களா சார்?" என்று கேட்டேன்.

தூதரக அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். எஞ்சினியர் என் பாஸ்போர்ட்டை மேசைமேல் போட்டார். எடுத்துக்கொண்டேன். சம்பளம் வரவில்லை. டிக்கெட்டை மட்டும் அவரையே எடுக்க வைத்தார்கள்.

இப்போது கடலூரில் ஒரு ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை பார்க்கிறேன். போன மாதம் அதே ஏஜெண்டு எங்கள் தெருவுக்கு வந்து, பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் "நம்ம ஆளுங்க வீடு" என்று சொல்லி அவள் பாஸ்போர்ட்டை வாங்கினான். தெருவே கேட்கும்படி நடந்ததையெல்லாம் சொன்னேன்.

"ஒரு வீடு அப்படின்னா எல்லா வீடுமா?" என்றான்.

அந்தப் பெண் அவனிடமிருந்து தன் பாஸ்போர்ட்டைத் திருப்பி வாங்கிக்கொண்டாள்.