மாத்தளைக் கடையில் ஊதிப் பார்த்த ட்ரம்பெட்டுகள்

மூன்று வருடங்களுக்கு முன், மகளுக்கு ட்ரம்பெட் வாங்க மாத்தளை டவுனுக்குப் போன ஒரு சனிக்கிழமை அது. அவளை அப்போதுதான் பாடசாலை பேண்டில் சேர்த்திருந்தார்கள். பழகுவதற்காக வீட்டுக்குக் கொடுத்துவிட்ட ட்ரம்பெட்டை உறையிலிருந்து எடுத்ததுமே எனக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. விரிந்த வாயின் ஓரத்தில், பெருவிரலால் அமுக்கியதுபோல ஒரு நெளிவு. நான் படித்ததும் அதே பாடசாலைதான். அந்த நெளிவு என் காலத்திலேயே இருந்தது.

விளையாட்டுப் போட்டி நெருங்கினால் பாடசாலை விட்ட பிறகும் மைதானத்தில் பழகுவோம். வெள்ளைச் சட்டை, சிவப்புத் தொப்பி, மதிலுக்கு வெளியே நின்று வேடிக்கை பார்க்கிற ஆட்கள் என்று அந்த நாட்கள் எனக்கு அவ்வளவு பிடிக்கும். ஆனால் கன்னம் வலிக்க ஊதினாலும் என்னிடமிருந்து காற்றுத்தான் அதிகம் வந்தது, சத்தம் வரவில்லை. ஒரு நாள் பேண்ட் பழக்கிய சேர், "உனக்கு மூச்சு பத்தாதும்மா" என்று சொல்லி ட்ரம்பெட்டை வாங்கிக்கொண்டு பேண்டுக்கு முன்னால் பிடித்துப் போகிற கொடியைக் கையில் கொடுத்தார். அன்பாகத்தான் சொன்னார். நானும் அப்படியே நம்பிவிட்டேன். பிறகு கோயிலில் பஜனைக்குக் கூப்பிட்டாலும் அதையே சொல்லித் தள்ளி நிற்பேன். வேலை செய்த இடத்தில் ரிவஸ்டன் மலைக்கு ட்ரிப் போனபோது எல்லோரும் மேலே நடந்தார்கள். நான் வேனுக்குள்ளேயே உட்கார்ந்திருந்தேன்.

இப்போது மகளும் முகம் சிவக்க ஊதினாள். அதே புஸ் என்ற காற்று. என் மூச்சுத்தான் இவளுக்கும் வந்திருக்கிறது என்று நினைத்து மனசு கனத்தது. "எனக்கு வராதும்மா, விட்டுரலாம்" என்றாள். சொந்தமாக ஒன்று இருந்தால் நிறையப் பழகலாம் என்று நான்தான் பிடிவாதமாகக் கூட்டிக்கொண்டு போனேன். அதே அளவில் பார்க்கலாம் என்று பழைய ட்ரம்பெட்டையும் எடுத்துக்கொண்டோம்.

பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துத் தெருவில், ஜப்பானில் பாவித்த சாமான்கள் விற்கும் கடை. கடைக்காரரான முஸ்லிம் நானா மூன்று ட்ரம்பெட்டுகளை மேசையில் வைத்தார்.

"எனக்கு விக்கத்தான் தெரியும் தங்கச்சி, ஊதத் தெரியா" என்றவர், கடைக்குள் ஏதோ தேடிக்கொண்டிருந்த ஒரு நடுத்தர வயதுக்காரரைக் கூப்பிட்டார். அவர் வஹகோட்டை என்ற ஊர்ச் சிங்களவர். அங்கே கத்தோலிக்கக் கோயில் திருவிழாவில் பேண்ட் வாசிக்கிறவராம். ட்ரம்பெட் பொத்தானுக்குக் கீழே ஓடும் பிஸ்டனுக்குப் போடும் எண்ணெய் வாங்க வந்திருந்தார். தயங்காமல் வந்து மூன்றையும் ஒவ்வொன்றாக ஊதிக் காட்டினார்.

முதலாவது பாவித்தது என்றே தெரியாமல் கண்ணாடி போல மின்னியது. லேசாக ஊதினாலே சத்தம் வந்தது. ஆனால் கொஞ்சம் பலமாக ஊதியதும் தகரம் போலக் கத்தியது. இரண்டாவது வெள்ளி நிறம். சத்தம் இனிமையாக இருந்தாலும் நடுப் பொத்தான் அமுக்கினால் மேலே வரத் தாமதித்தது. மூன்றாவதில் மஞ்சள் பூச்சு பாதி போயிருந்தது. ஆனால் அதில் அவர் ஊதிய சுரம் கீழேயும் மேலேயும் ஒரே மாதிரி உருண்டு நின்றது.

மகள் அந்த மூன்றாவதை வாங்கி ஊதினாள். கடைக்கு வெளியே போனவர்கள் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சத்தம் வந்தது. அவளே பயந்துபோய் ட்ரம்பெட்டை வாயிலிருந்து எடுத்துவிட்டாள்.

அவர் எங்கள் பழைய ட்ரம்பெட்டைக் கேட்டு வாங்கினார். முதலில் கடை ட்ரம்பெட்டின் பக்கவாட்டில் இருந்த சின்னக் குழாயை, பொத்தானை அமுக்காமல் இழுத்தார். டப் என்றது. எங்களுடையதை அதேபோல இழுத்தார். ஒன்றுமே கேட்கவில்லை.

"பிஸ்டன் தேஞ்சு காத்தெல்லாம் வெளியே போகுது. நெடுநாளா இப்படித்தான் இருந்திருக்கும். இதுல பழகிட்டு அதுல இவ்வளவு சத்தம் எடுத்தாளே, பிள்ளைக்கு நல்ல மூச்சு" என்று சிங்களத்தில் சொன்னார்.

நானும் சின்ன வயதில் இதைத்தான் ஊதினேன், மூச்சு பத்தாது என்று நிறுத்திவிட்டார்கள் என்றேன். எதற்காக முன்பின் தெரியாதவரிடம் சொன்னேன் என்று தெரியவில்லை. அவர் சிரிக்கவில்லை. மூன்றாவது ட்ரம்பெட்டின் ஊதும் முனையைச் சட்டைப் பையிலிருந்த தன் லேஞ்சியால் துடைத்து என்னிடம் நீட்டினார்.

"ஊதிப் பாருங்க, நங்கி" என்றார், தன் தங்கச்சியைக் கூப்பிடுவதுபோல.

சாரியோடு, ஆட்கள் பார்க்க, வெட்கமாக இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு ஊதினேன். சத்தம் நிறைந்து வந்தது. விரல்கள் தாமாகவே பாடசாலைக் கீதத்தின் முதல் வரிக்குப் போயின. இரண்டாவது வரியில் தடுமாறிவிட்டேன். மகள் வாய் திறந்தபடி, "அம்மா, நீங்களா?" என்றாள். நான் சாரித் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன். எண்ணெய்ப் போத்தலை வாங்கிக்கொண்டு அவர் போனதைக்கூடக் கவனிக்கவில்லை. பெயர்கூடக் கேட்கவில்லை.

அந்த மூன்றாவதைத்தான் வாங்கினோம். அந்த வருட விளையாட்டுப் போட்டியில் மகள் முன் வரிசையில் ஊதிக்கொண்டு போனாள். பேண்ட் சேர்மேல் எனக்குக் கோபமில்லை. அவரிடம் இருந்தது அந்த ட்ரம்பெட்டுகள்தான், அவரும் பாவம் என்ன செய்வார்? ஆனால் இப்போதெல்லாம் வீட்டில் யாராவது எனக்கு இது வராது என்று சொன்னால், சரி விடு என்று சொல்ல எனக்கு வாய் வருவதில்லை. இன்னொன்றில் முயன்று பார்க்காமல் ஒரு மனுஷரை முடிவுகட்டக் கூடாது என்றுதான் தோன்றுகிறது, அதிலும் அந்த மனுஷர் நாமாகவே இருக்கும்போது.