பெரிய எழுத்து, சின்ன எழுத்து

அம்மா இறந்த பிறகு செஞ்சி வீட்டில் நான் மட்டும்தான். சென்னைக் கம்பெனி வேலையை வீட்டிலிருந்தே பார்த்து வந்தேன். யாரோடும் வாய் திறந்து பேசாமலே பொழுது போய்விடும். அப்போதுதான் சொந்தமாக ஒரு கணினி மொழி எழுத ஆரம்பித்தேன். திருவிழாவிலும் கல்யாணத்திலும் கட்டுகிற சீரியல் லைட் எந்த நிறத்தில், எப்படி ஓட வேண்டும் என்று சொல்வதற்கான சின்ன மொழி. போனில் ஆங்கிலத்தில் 'ரெட்', 'ரன்' என்று அடித்தால் லைட் கேட்கும்.

அதைப் பயன்படுத்தியவர் ஒரே ஒருவர். மேல்சித்தாமூர் பக்கம் லைட் செட் கடை நடத்தும் ஒரு அக்கா. பல்புக் கடைக்காரர் என் நம்பரைக் கொடுத்திருந்தார். லைட்டோடு இணைக்கும் கருவியை அவருடைய கடையாள் வந்து வாங்கிப்போனார். அக்காவை நான் பார்த்ததில்லை, போன் பேச்சுதான்.

"இன்னா தம்பி, ரெட்டுன்னு அடிச்சா தெரியலன்னு சொல்லுது?"

அவருடைய போன் முதல் எழுத்தைத் தானாகவே பெரிய எழுத்தாக்கிவிடும். என் மொழிக்குச் சின்ன எழுத்து மட்டும்தான் புரியும்.

"மொத எழுத்த சின்னதா மாத்துங்கக்கா."

"நம்ம தமிழ்ல பெரிய கானா, சின்ன கானான்னு இருக்குதா? நீ ஏன் இப்டி வெச்சிருக்கிற?"

மறுநாளும் மறந்துவிட்டுக் கூப்பிடுவார். அப்படியே பேச்சு வளரும். கரண்ட் போனது, மழை, கடையாள் வராதது. முடிக்கும்போது "சாப்டியா?" என்பார். அதற்குப் பதில் சொல்ல வேண்டுமே என்றே மதியம் நேரத்துக்குச் சாப்பிடப் பழகினேன்.

ஆனாலும் பாவம், எத்தனை முறைதான் திருத்துவார்? ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து, அவர் அடிப்பதையெல்லாம் முதலில் சின்ன எழுத்தாக்கிவிட்டுப் பிறகு படிக்கும்படி மாற்றினேன். அந்த வாரமே பதறிக்கொண்டு கூப்பிட்டார்.

"தம்பி, கல்யாண மண்டபத்து லைட் பலகையில பொண்ணு பேரு மொத்தமும் சின்ன எழுத்துல ஓடுது. பொண்ணோட நைனா சத்தம் போடுறாரு!"

பலகையில் ஓட வேண்டிய பெயரை மேற்கோள் குறிக்குள் அடிக்க வேண்டும்; அந்தப் பெயர்களையும் சேர்த்து மாற்றியிருக்கிறேன். கட்டளையை மட்டும் மாற்று, குறிக்குள் இருப்பதைத் தொடாதே என்று உடனே சரிசெய்து அனுப்பினேன். இருவரும் சிரித்தோம்.

அதன் பிறகு போன் வரவில்லை. சில வாரம் பொறுத்து நானே கூப்பிட்டேன்.

"எல்லாம் ஓடுதாக்கா?"

"சூப்பரா ஓடுது தம்பி. இனிமே உனக்குத் தொல்லையே இல்ல. எங்க ஊரு ஜைன மடத்துத் திருவிழாவுக்கு நம்ம லைட்டுதான், வந்து பாரு."

போனேன். பந்தல் முகப்பில் பச்சையும் சிவப்பும் ஓடின. ஏணிமேல் நின்றவரிடம் கத்திக்கொண்டிருந்த பெண்மணிதான் அக்கா என்று குரலில் தெரிந்தது. ஜெனரேட்டர் சத்தத்தில் என் குரல் அவருக்குப் பிடிபடவில்லை.

"லைட்டு நல்லா இருக்குதுக்கா."

"செஞ்சித் தம்பி ஒருத்தரு எழுதிக்குடுத்தது. தங்கமான புள்ள" என்றார். அதற்குள் யாரோ அழைக்க, ஒயர்ச் சுருளோடு ஓடிவிட்டார்.

நான்தான் அது என்று சொல்லியிருக்கலாம். செஞ்சி பஸ் வந்தது. அதை விட்டுவிட்டு, லைட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.