போதிய அளவு ஈரம்

ஆப்பிரிக்கக் கிராமங்களின் விவசாயப் பயிற்சிப் பள்ளிகளுக்குப் பாடக் கையேடு எழுதுவதுதான் மொன்ரியலில் எனக்கு வாய்த்த வேலை. எங்கள் சிறிய அலுவலகத்தில் நாலு பேர். நாலு பேருமே மண்வெட்டி பிடித்ததில்லை. அது வெளியே தெரியாதபடி நல்ல பிரெஞ்சில் எழுதினோம்.

அனுப்பியிருந்த கையேட்டு வரைவைச் சரிபார்க்க பெனின் நாட்டுக் கிராமமொன்றிலிருந்து ஓர் ஆசிரியை வந்தார். கூட்டத்தில் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். தங்கியது செயின்ட்-மிஷேல் பகுதியில் எங்கள் வீட்டில். அன்று மாலை, குசினியில் கத்தரிக்காய் வெட்டியபடி உண்மையைச் சொன்னார்: பிள்ளைகள் எங்கள் கையேட்டை வாசித்துச் சிரிக்கிறார்களாம். ஏனென்று சொன்னால் எங்கள் அலுவலக இயக்குநர் நம்பமாட்டார், அவரே செய்து பார்க்கட்டும் என்றார்.

யாழ்ப்பாணத்தில் வெங்காயப் பயிர் செய்த என் கணவருக்கு இதைத் தமிழில் சொன்னேன். அஹுன்ட்சிக் பகுதியில் பொதுத்தோட்டமொன்றில் அவருக்கு ஒரு துண்டு நிலம் உண்டு.

"என்ரை துண்டிலை செய்யட்டும்," என்றார் உற்சாகமாக.

"ஆனா நீங்கள் வாய் திறக்கக்கூடாதாம்."

அதற்குத்தான் முகம் சுருங்கியது.

கையேட்டுக்குப் படம் எடுக்க வேண்டுமென்று பொய் சொல்லி, சனிக்கிழமை காலை இயக்குநரை வரவழைத்தேன். பளபளக்கும் சப்பாத்தோடு வந்தார். ஆசிரியை அவர் கையில் வெங்காய விதையையும் கையேட்டையும் கொடுத்து, அதில் உள்ளபடி நாற்றுமேடை போடச் சொன்னார்.

"மண்ணைப் போதிய அளவு ஈரப்படுத்தவும்," என்று உரக்க வாசித்த இயக்குநர், "போதிய அளவென்றால்?" என்று கேட்டார்.

"கையேட்டில் பாருங்கள்," என்றார் ஆசிரியை, மிகப் பணிவாக.

கையேட்டில் இல்லை. நாலு வாளி ஊற்றினார். சேற்றில் ஒரு சப்பாத்து நின்றுவிட, காலுறையோடு கால் மட்டும் வெளியே வந்தது. அடுத்த வரி, விதையைத் தகுந்த ஆழத்தில் இடச் சொன்னது. விரல் முழுவதையும் விட்டுக் குழி தோண்டினார்.

கணவரால் பொறுக்க முடியவில்லை. "ஐயோ, மனுசன் விதைக்கிறாரோ, புதைக்கிறாரோ? உந்தக் கையேட்டை ஆரப்பா எழுதினது?"

நான் பக்கத்துத் துண்டின் அவரைக்கொடியை அக்கறையோடு பார்த்துக்கொண்டிருந்தேன்.

இயக்குநர் கோபிப்பார் என்று பயந்தேன். அவரோ வரப்பில் உட்கார்ந்து காலுறையைப் பிழிந்துவிட்டு, "நீங்கள் எப்படிச் சொல்லிக்கொடுப்பீர்கள்?" என்று ஆசிரியையைக் கேட்டார். அவர் அடுத்த பாத்தியில் ஒரு பிடி மண்ணை எடுத்து இறுக்கினார். உருண்டையாக நின்றது. தட்டினார், உதிர்ந்தது.

"இவ்வளவுதான் ஈரம்," என்றார்.

அந்தக் கையேடு அச்சுக்குப் போகவில்லை. இப்போது ஒவ்வொரு பாடத்தையும் ஆசிரியையின் மாணவர்கள் முதலில் செய்து பார்த்து, தங்கள் வார்த்தையில் சொல்லி அனுப்புகிறார்கள். நாங்கள் ஒழுங்குபடுத்துகிறோம். போன மாதம், சோளம் காயவைப்பது பற்றி நான் துணிந்து சேர்த்த ஒரு பத்தி திரும்பி வந்தது. ஓரத்தில் ஒரு மாணவியின் கையெழுத்து: "இதை எழுதியவர் வெயிலைப் பார்த்திருக்கிறாரா?"

பத்தியை எடுத்துவிட்டேன்.