பேரைச் சொன்ன வியாழக்கிழமை

இது கட்டிவிட்ட கதை இல்லை. 2007 நவம்பரில் சின்னமனூரில் ஒரு பெண்ணுக்கு நடந்தது. நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு.

யுவராணிக்கு அப்போது இருபத்து நான்கு வயது. பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு பிரவுசிங் சென்டரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ரிசல்ட் பார்க்க, ரயில் டிக்கெட் போட என்று ஆட்கள் வந்து போவார்கள். மற்ற நேரமெல்லாம் அவளுக்கு ஒரே பைத்தியம்தான். ஒரு வார இதழில், எழுதியவர் பெயரே போடாமல் வந்துகொண்டிருந்த தொடர்கதை. அதில் வாரம் நாலைந்து வரி மட்டும் ஒரு பெண் வந்து போவாள். முகம் தெரியாது. பெயர் கிடையாது. ‘அவள்’ என்றுதான் இருக்கும்.

அவள் யார்? அதைக் கண்டுபிடிக்கவே இணையத்தில் ஒரு குழு இருந்தது. நாற்பது பேர். தேவதானப்பட்டிக்காரன் அருண்பாண்டி சென்னையில் வேலை பார்த்துக்கொண்டே அதை நடத்தினான். கதாநாயகனின் முதல் மனைவி என்றான் ஒருவன். காணாமல் போன தங்கை என்றாள் ஒருத்தி. வரிக்கு வரி பிரித்துப் போட்டு ராத்திரி பகலாக மண்டையை உடைத்துக்கொண்டார்கள்.

‘விருந்தினர்’ என்ற பெயரில் யாரோ ஒருவர் அந்தக் குழுவில் பதில் போடுவார். எந்த யூகம் விழுந்தாலும் அதே நிமிடத்தில் ஒரு சொல்.

“இல்லை.”

எழுத்தாளரே மறைந்திருந்து விளையாடுகிறார் என்று எல்லோருக்கும் குஷி. ஒருநாள் அருண்பாண்டி ஒரு யூகத்தை டைப் செய்தான். சரியாகப் படவில்லை. அனுப்பாமலே அழித்துவிட்டான்.

அதற்கும் பதில் வந்தது.

“இல்லை.”

நவம்பர் 15, வியாழக்கிழமை. பதினாலாவது அத்தியாயம் வந்தது. அதுவரை கிடைத்த குறிப்புகளையெல்லாம் சேர்த்து அருண்பாண்டி ஒன்றாகப் போட்டான். இடது மணிக்கட்டில் புளியங்கொட்டை அளவு தழும்பு. இரண்டு பக்கமும் மூக்குத்தி. எந்தப் பெண்ணைப் பார்த்தாலும் மலையாளத்தில் ‘மோளே’ என்பாள். தண்ணீர்ச் சத்தம் ஓயாத இடத்தில் இருப்பாள். பின்னாலிருந்து கூப்பிட்டால் திரும்பவே மாட்டாள்.

யுவராணிக்குச் சிரிப்பு வந்தது. இப்படி ஒரு ஆளை அவளுக்குத் தெரியும். குமுளிக்குப் போகும்போதெல்லாம் லோயர் கேம்ப்பில் இறங்கி, கால்வாய்க் கரையோரம் இருக்கும் அந்த அக்கா கடையில்தான் டீ குடிப்பாள். விளையாட்டாகத்தான் டைப் செய்தாள்.

“லோயர் கேம்ப் டீக்கடை கருத்தம்மாள் அக்கா.”

சாயங்காலம் மணி 5:12.

பதிலும் 5:12-க்கே வந்தது.

“ஆமா. பேரு தெரியாம, கூப்பிட முடியாமக் கெடந்தேன்.”

குழுவே கொண்டாடியது. போட்டோ எடுத்துப் போடச் சொல்லி ஆளாளுக்கு நச்சரித்தார்கள். யுவராணி பயந்துபோய் எழுதியதை அழித்தாள். மறுபடி பக்கத்தைத் திறந்தால் அப்படியே இருந்தது. அருண்பாண்டியும் அழித்துப் பார்த்தான். அவனாலும் முடியவில்லை.

மறுநாள் குமுளி பஸ் ஏறினாள். லோயர் கேம்ப்பில் இறங்கும்போது சாயங்காலம் மணி 6:20. தூறல். கடையில் வேறு யாரும் இல்லை. கருத்தம்மாள் வாசலுக்கு முதுகைக் காட்டி பாய்லர் முன்னால் நின்றிருந்தாள்.

“அக்கா...”

அசையவில்லை. யுவராணி சுற்றிக்கொண்டு முன்னால் போய் நின்றாள்.

“நீயா மோளே? முன்னாடி வந்து கூப்புடக் கூடாதா? நேத்துல இருந்து யாரோ பின்னாடி நின்னு கூப்புடுறாக. கால்வாப் பக்கமிருந்து. பேரச் சொல்லி.”

“நேத்து... எத்தன மணிக்குக்கா?”

“அஞ்சு அஞ்சேகால் இருக்கும். எங்க ஆத்தா கொரலு. அவ செத்து வருசம் எட்டாச்சு. நான் திரும்பல.”

யுவராணி திக்கித் திக்கி எல்லாவற்றையும் சொன்னாள். கருத்தம்மாளுக்குப் பாதிகூடப் புரியவில்லை.

“ஊருக்கே தெரிஞ்ச பேரு. அதச் சொன்னதுக்கா அழுகுற?”

“இன்னைக்கு மட்டும் எங்கூட வந்துருங்கக்கா. கால்ல வேணும்னாலும் விழுகுறேன்.”

கருத்தம்மாள் அவள் முகத்தையே பார்த்தாள்.

“சரி, வாரேன். உள்ள போயி அடுப்ப அமத்திட்டு வா. போவோம்.”

யுவராணிக்கு உயிர் திரும்பி வந்தது.

அடுப்படிக்குள் போனாள். கங்கில் தண்ணீரை ஊற்றினாள். புஸ்ஸ்ஸ்... என்று புகை எழும்பியது. மணி 6:48.

அப்போது வெளியே...

“கருத்தம்மாக்கா...”

அது செத்துப்போன ஆத்தாளின் குரல் இல்லை.

யுவராணியின் குரல். இந்தத் தடவை பின்னாலிருந்து இல்லை; முன்னால், கால்வாய்ப் பக்கமிருந்து.

“இங்கன வாங்கக்கா...”

“இந்தா வந்துட்டேன் மோளே.”

‘அது நான் இல்லக்கா!’ என்று கத்த வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை. வெறும் காற்றுதான் வந்தது.

ஓடினாள்.

மழைக்குள் கருத்தம்மாளின் முதுகு தெரிந்தது. கால்வாயைப் பார்த்து நடந்துகொண்டிருந்தாள். அவள் நடந்தாள், இவள் ஓடினாள். தூரம் மட்டும் குறையவில்லை.

கையைத் தட்டினாள். கல்லை எடுத்து விளக்குக் கம்பத்தில் அடித்தாள்.

டங்... டங்... டங்...

கருத்தம்மாள் திரும்பவில்லை. பின்னாலிருந்து வரும் சத்தத்துக்குத் திரும்புகிறவள் இல்லையே அவள்.

தண்ணீர்ச் சத்தம் நின்றது.

ஒரு மூச்சு நேரம்.

மறுபடி கேட்டது.

கரையில் யாரும் இல்லை.

மூன்று நாள் தேடினார்கள். உடல் கிடைக்கவில்லை. இருட்டில் கால் வழுக்கியிருக்கும் என்று சொல்லிவிட்டார்கள். யுவராணிக்குக் குரல் திரும்பவே இல்லை. தேனியில் காட்டினார்கள், மதுரையில் காட்டினார்கள். தொண்டையில் ஒரு குறையும் இல்லை என்றார்கள்.

21-ம் தேதி, புதன்கிழமை. எழுத்தாளரைப் பிடித்தே தீருவது என்று அருண்பாண்டி பத்திரிகை அலுவலகத்துக்குப் போனான். சாயங்காலம் அவளுக்கு எழுதினான்.

“இந்தக் கதைய இப்ப யாரும் எழுதல யுவராணி. மொத்தமும் கையெழுத்துல ஒரே கட்டாத் தபால்ல வந்துருக்கு. பேரும் இல்ல, ஊரும் இல்ல. பழைய கட்டுகளுக்குள்ள கெடந்தத எடுத்துப் போடுறாக. கவர்ல தபால் முத்திரை இருக்கு. 1997.”

அவள் அதை இரண்டு தடவை படித்தாள்.

கருத்தம்மாளின் மணிக்கட்டில் கொதிக்கிற பால் கொட்டி அந்தத் தழும்பு விழுந்தது 2005 தைப் பொங்கலன்று. அப்போது கையில் சுற்றியிருந்த துணிக்கட்டை யுவராணியே பார்த்திருக்கிறாள்.

“இன்னும் எத்தன அத்தியாயம் இருக்கு?” என்று எழுதிக் கேட்டாள்.

“இருபத்தாறு. நாளைக்கு வரப்போறதக் காட்டுனாக. படிச்சேன்... புதுசா ஒருத்தி வாரா. பேரு இல்ல. பேச்சும் இல்ல.”

அன்று ராத்திரியே அருண்பாண்டி குழுவை மூடிவிட்டான்.

வியாழக்கிழமை காலை 9:20-க்கு, மூடிய குழுவில், அந்தப் புது ஆள் யார் என்று முதல் யூகம் விழுந்திருந்தது.