கதவுக்கு வெளியே நின்ற ஆயாம்மா

தில்லை நகரில் என் மனைவி இருபது நாள் படுத்திருந்த ஆஸ்பத்திரி அறைக்குப் பச்சைக் கதவு. காலையில் பெரிய டாக்டர் ரவுண்ட்ஸ் வருகிறார் என்றால், துடைத்துக்கொண்டிருக்கும் ஆயாம்மா பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு அந்தக் கதவுக்கு வெளியே போய் நின்றுவிட வேண்டும். டாக்டர் கண்ணில் பக்கெட் படக் கூடாது என்பது அங்கே வழக்கம். பக்கெட்டோடு சேர்ந்து ஆயாம்மாவும் கண்ணில் படக் கூடாதவராகிவிட்டார்.

நான் எட்டாவது வரைதான் படித்தேன். மலைக்கோட்டைப் பக்கம் ஒரு ஜவுளிக்கடையில் சேலை விரித்துக் காட்டியே முப்பது வருஷம் போயிற்று. வீடு ஸ்ரீரங்கத்தில். பெருமாளைச் சேவிக்காமல் பச்சைத் தண்ணீர் குடிக்க மாட்டேன். நாலு வருஷம் முன்பு மனைவிக்கு இடுப்பு எலும்பு முறிந்து ஆபரேஷன் ஆனபோது, தினமும் வெந்நீரில் துணி நனைத்து அவள் உடம்பைத் துடைத்துவிட்டவர் அந்த ஆயாம்மாதான். பச்சைமலைக்காரர். நான் நெற்றியில் திருமண்ணோடு உள்ளே நுழைந்தால், "பெருமாளைப் பாத்துட்டு வந்தீங்களா? எங்களைப் பத்தி ஏதாச்சும் விசாரிச்சாரா?" என்று கேட்டுச் சிரிப்பார்.

ஆறாம் நாள் துடைத்துக்கொண்டே வந்தவர் கை அப்படியே நின்றது.

"ஐயா, இங்க கை வைங்க. இந்தக் கெண்டைக்கால் சுடுதுங்க, அது சுடல. லேசா வீங்கியும் இருக்கு."

நர்ஸம்மாவிடம் முதலிலேயே சொன்னாராம். 'நீ தரையைப் பாரு, காலை நாங்க பாத்துக்குறோம்' என்று பதில் வந்ததாம். "நான் சொன்னா எடுபடாதுங்க. நீங்களே கண்டுபிடிச்ச மாதிரி டாக்டர்கிட்ட சொல்லுங்க. என் பேச்சை எடுக்காதீங்க, வேலை போயிடும்."

அப்படியே சொன்னேன். உடனே ஸ்கேன் எடுத்தார்கள். காலில் ரத்தம் உறைந்திருந்தது. நுரையீரலுக்கு ஏறியிருந்தால் உயிர் தங்கியிருக்காது என்றார்கள். மறுநாள் டாக்டர் என் தோளைத் தட்டி, "நல்லா கவனிச்சிருக்கீங்க" என்றார். கதவு ஒருக்களித்திருந்தது. இடுக்கில் ஆயாம்மாவின் ஊதா யூனிஃபார்ம் சேலை தெரிந்தது. நான் கைகூப்பி, "எல்லாம் பெருமாள் காட்டினது" என்றேன்.

டாக்டர் போனதும் ஆயாம்மா உள்ளே வந்தார். "இனிமே நீங்கதான் பெரிய டாக்டர். எனக்கும் ஒரு மாத்திரை எழுதிக் குடுங்க!" என்று கேலி செய்தார். வீட்டுக்குக் கிளம்பிய அன்று டாக்டருக்கும் நர்ஸுகளுக்கும் பிரசாதம் கொடுத்தேன். ஆயாம்மா வேறு மாடியில் இருந்தார். நான் தேடிப் போகவில்லை.

போன மாதம், கடையில் என்னோடு வேலை பார்த்த ஒருவரைப் பார்க்க அரசு ஆஸ்பத்திரிக்குப் போனேன். வரிசை ஓரமாகத் தரையில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார் ஆயாம்மா. ஒரு கால் மட்டும் வீங்கிப் பளபளத்தது. மூச்சு இரைத்தது.

"உங்களுக்குத் தெரியாததா? ஏன் இத்தனை நாள் விட்டீங்க?"

"தெரியுங்க. மூணு வாரமாச் சுடுது. கான்ட்ராக்ட்காரர் லீவு தரல. வேலைக்கு வராம நின்னா வேற ஆளைப் போட்டுடுவாரு."

"அங்கேயே காட்டியிருக்கலாமே?"

"அங்கயா? அங்க நான் துடைக்கத்தாங்க போவேன்."

வரிசையை விலக்கிக்கொண்டு உள்ளே ஓடிச் சொன்னேன். ஸ்ட்ரெச்சரில் ஏற்றிக்கொண்டு போனார்கள். நேரே கோயிலுக்கு வந்து, தன்வந்திரி சன்னதியில் அர்ச்சனைத் தட்டை நீட்டினேன். "பேரு, நட்சத்திரம் சொல்லுங்கோ" என்றார் அர்ச்சகர். இருபது நாள் என் மனைவியின் காலைப் பிடித்துத் துடைத்தவரின் பெயரை நான் கேட்டதே இல்லை.

"பெருமாள் பேருக்கே பண்ணிடுங்க, சுவாமி" என்றேன். முன்பும் ஆயாம்மா செய்ததைப் பெருமாள் பேரில்தானே சொன்னேன் என்று அப்போதுதான் உறைத்தது.

மறுநாள் அரசு ஆஸ்பத்திரியில், பெயர் சொன்னால்தான் எந்த வார்டு என்று பார்க்க முடியும் என்றார்கள். அங்கிருந்து தில்லை நகருக்குப் போனேன். ரவுண்ட்ஸ் நேரம். அதே பச்சைக் கதவுக்கு வெளியே, அதே ஊதாச் சேலையில், பக்கெட்டோடு வேறொரு அம்மா நின்றிருந்தார். பழைய ஆயாம்மாவைப் பற்றி விசாரித்தேன்.

"தெரியாதுங்க. நான் நேத்துதான் சேர்ந்தேன்."

"உங்க பேரு என்னம்மா?" என்று கேட்டேன்.

அவர் கை பக்கெட் பிடியை இறுக்கியது.

"ஏங்க, என் மேல கம்ப்ளெயின்ட் எழுதப் போறீங்களா?"